பிள்ளைகளின் ஜீவனாம்ச உத்தரவு தமிழ்நாட்டில், அப்பாவின் சம்பளம் புனேயில்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

மனுதாரர் கொங்குப் பகுதியில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். 2013இல் திருமணம். ஒரு பெண், ஒரு பையன். கணவர் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்தார். 2019இல் இருவரும் பிரிந்தார்கள். ஏன் பிரிந்தார்கள் என்பது இந்த ஆய்வுக்கு வேண்டாத விஷயம். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பெயர்களையும் நிறுவனங்களையும் விட்டிருக்கிறேன். இந்த வழக்கில் மனுதாரருக்கு இலவச சட்ட உதவி வக்கீலாக இருப்பவள் நான்.

2021 ஜனவரியில் குடும்ப நல நீதிமன்றத்தில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவின்கீழ் மனு. தனக்கு எதுவும் வேண்டாம், பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். எதிர்மனுதாரரான கணவர் வக்கீல் வைத்து எதிர்த்தார். உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் ஒரு படிவத்தையே வகுத்துக் கொடுத்திருக்கிறது: ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதன்படி அவரும் தாக்கல் செய்தார். இணைப்பாக ஒரு சம்பளச் சீட்டு இருந்தது. அப்போது யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. பின்னால் இந்த வழக்கை நகர்த்தியது அந்தச் சீட்டுதான்.

2022 செப்டம்பரில் உத்தரவு வந்தது. பிள்ளைக்கு 5,000 வீதம் மாதம் 10,000 ரூபாய். ரஜ்னேஷ் தீர்ப்பைப் பின்பற்றி, மனு போட்ட தேதியிலிருந்தே தொகையைக் கணக்கிட்டார்கள். ஆக, உத்தரவு வந்த அன்றே 21 மாத நிலுவை, 2,10,000 ரூபாய்.

அக்டோபரிலிருந்து ஜனவரி வரை நான்கு மாதம் 10,000 வந்தது. பழைய நிலுவையில் ஒரு பைசா வரவில்லை. 2023 பிப்ரவரியில் மாதத் தொகையும் நின்றது. போன் நம்பரும் மாறியது.

## முதல் கட்டம்: வாரண்ட்

2023 மே மாதம் 125(3) பிரிவின்கீழ் நிறைவேற்று மனு போட்டோம். கேட்ட தொகை 2,40,000. இந்தப் பிரிவின்படி, பணம் கட்டாதவரிடமிருந்து அபராதத்தை வசூலிப்பதுபோல் வாரண்ட் மூலம் வசூலிக்கலாம். அப்படியும் கட்டாவிட்டால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். ஆனால் தொகை பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும். இந்த ஒரு வருடக் கெடு பலருக்குத் தெரிவதில்லை. சமாதானம் பேசிக்கொண்டிருக்கும்போதே அது ஓடிவிடும்.

ஓசூர் முகவரிக்குப் போன வாரண்ட் "வேலையை விட்டுச் சென்றுவிட்டார், தற்போதைய முகவரி தெரியவில்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. சொந்த ஊரில் ஜப்தி செய்ய ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தோம். வீடு அவருடைய அப்பா பேரில், பட்டாவும் அப்பா பேரில். அந்த வழி அத்தோடு முடிந்தது.

ஆள் இருக்குமிடம் தெரிந்தது உறவினர் வீட்டுக் காதுகுத்து விழா போட்டோவில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ பகிர்ந்ததை மனுதாரரின் தம்பி கொண்டுவந்து காட்டினார். எதிர்மனுதாரர் நீல நிற கம்பெனி டி-ஷர்ட்டில் நிற்கிறார்; மார்பில் ஒரு தொழிற்சாலையின் பெயர். அந்தத் தொழிற்சாலை புனேக்குப் பக்கத்தில், சாக்கன் தொழிற்பேட்டையில் இருக்கிறது.

வேறு மாநிலத்தில் இருப்பவருக்கு வாரண்ட் அனுப்ப சட்டத்தில் வழி உண்டு. நீதிமன்றம் அதைத் தபாலிலேயே அந்த மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ காவல் ஆணையருக்கோ அனுப்பலாம். அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து, மேற்படி நபர் கம்பெனியில் இல்லை, வசிப்பிடம் தெரியவில்லை என்று திரும்பியது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. தங்கள் கையிலிருக்கும் சொந்த வழக்குகளுக்கு நடுவே வேறு மாநிலத்து ஜீவனாம்ச வாரண்ட் எந்தக் காவல் நிலையத்துக்கும் அவசர வேலை ஆகாது. ஷிப்டில் ஆயிரக்கணக்கானோர் வந்துபோகும் ஆலை வாசலில் போய் ஒரு பெயரை மட்டும் கேட்டால் பதிலும் இப்படித்தான் வரும்.

## யோசித்த வழிகள்

2024 ஜனவரியில் உட்கார்ந்து பேசினோம். முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, புனேயிலேயே நேராகப் போய் நிறைவேற்றக் கேட்பது. பழைய 128ஆம் பிரிவு (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 147) இதற்காகவே இருக்கிறது: பணம் கட்ட வேண்டியவர் எங்கே இருக்கிறாரோ அந்த இடத்து மாஜிஸ்திரேட், ஆள் இவர்தான் என்பதும் பணம் வரவில்லை என்பதும் உறுதியானால் உத்தரவை நிறைவேற்றலாம். உத்தரவின் நகலையும் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் ஆளை அடையாளம் காட்ட மனுதாரர் போகவேண்டும். ஒரு வாய்தாவுக்குப் போய்வர மூன்று நாள் கூலி போகும், இரண்டு பிள்ளைகளை யாரிடமாவது விட வேண்டும். அதற்கு மேல், கடைசியில் கிடைப்பதும் வாரண்ட்தான்.

இரண்டாவது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005. அதன் 20(6) பிரிவில் கணவரின் முதலாளியே சம்பளத்தில் ஒரு பகுதியை நேராக மனைவிக்குக் கொடுக்கும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். 27(2) பிரிவின்படி அந்தச் சட்டத்தின் உத்தரவுகள் இந்தியா முழுக்கச் செல்லும். புதிதாக ஒருவர் வந்து, கணவர் வெளிமாநிலத்தில் தனியார் வேலையில் இருக்கிறார் என்று சொன்னால் இன்று இதைத்தான் முதலில் யோசிப்பேன். ஆனால் இங்கே ஏற்கனவே எதிர்த்து நடத்தி வாங்கிய உத்தரவு கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க மனுதாரருக்குத் தெம்பில்லை.

மூன்றாவது, கைது. மனுதாரரின் அண்ணன் இதில் பிடிவாதமாக இருந்தார். "உள்ள தூக்கிப் போட்டாத்தானுங்க மேடம் பணம் வரும்" என்றார். சிறைக்குப் போனால் கடன் தீர்ந்துவிடாது என்று 1988இலேயே குல்தீப் கவுர் எதிர் சுரிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதில் பயமில்லை. எங்கள் கவலை வேறு. தனியார் வேலையில் இருப்பவர் ஒரு மாதம் உள்ளே இருந்தால் வேலை போய்விடும். வேலை போனால் வசூலிக்க எதுவுமே இருக்காது. மனுதாரரே இதைப் புரிந்துகொண்டு அண்ணனை அமைதிப்படுத்தினார்.

நான்காவது, ஆளை விட்டுவிட்டு சம்பளத்தைப் பிடிப்பது. இதைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

## ஏன் நேராக சம்பளத்தைப் பிடிக்க முடியாது

அரசு ஊழியருக்கும் தனியார் ஊழியருக்கும் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. வெளிமாநில வழக்குகளில் முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் வருகிறது. அரசு ஊழியர், ரயில்வே ஊழியர் என்றால் ஆணை 21, விதி 48. சம்பளம் கொடுக்கும் அதிகாரி நம் நீதிமன்ற எல்லைக்குள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிடித்தம் செய்ய இங்கிருந்தே உத்தரவிடலாம். தனியார் ஊழியர் என்றால் விதி 48-ஏ. சம்பளம் கொடுப்பவர் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருக்க வேண்டும். எல்லைக்கு வெளியே உள்ள ஆள்மீதோ சொத்துமீதோ நிறைவேற்ற முடியாது என்று 39(4) பிரிவும் சொல்கிறது. எதிர்மனுதாரர் ரயில்வேயில் இருந்திருந்தால் எங்கள் ஊர் நீதிமன்றத்திலிருந்து ஒரு கடிதம் போயிருக்கும், இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

ஆகவே உத்தரவையே புனேக்கு மாற்றி அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள்?

டி-ஷர்ட்டில் இருந்த பெயரை நம்பி அந்தத் தொழிற்சாலையைச் சேர்த்திருக்கலாம். ஆனால் போலீஸ் குறிப்பில் "கம்பெனியில் இல்லை" என்று இருந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்போதுதான் பழைய வழக்குக் கட்டை எடுத்து அந்த சம்பளச் சீட்டைப் பார்த்தோம். வருங்கால வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண் அதில் தெளிவாக இருந்தது. வேலை எத்தனை மாறினாலும் இந்த எண் மாறாது. எந்த நிறுவனம் சேர்த்துக்கொள்கிறதோ அது இந்தக் கணக்கில்தான் பணம் கட்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 91ஆம் பிரிவின்கீழ் ஆவணம் கேட்டு மனு போட்டோம். வைப்பு நிதி அலுவலகத்துக்கு நீதிமன்றம் சம்மன் அனுப்பியது.

பதிலில் இருந்தது அந்தத் தொழிற்சாலையின் பெயர் அல்ல. ஆள் சப்ளை செய்யும் ஒரு ஒப்பந்த நிறுவனம். அலுவலகம் பிம்ப்ரி-சின்ச்வடில். அவர் வேலை பார்ப்பது சாக்கனில், டி-ஷர்ட் கொடுத்தது தொழிற்சாலை, சம்பளம் போடுவது ஏஜென்சி. தொழிற்சாலையின் பேரில் சம்பளப் பிடித்தத்துக்கு உத்தரவு வாங்கியிருந்தால், "எங்கள் ஊழியர் பட்டியலில் இப்படி ஒருவர் இல்லை" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கும். அது பொய்யும் அல்ல.

## உத்தரவு புனேக்குப் போன கதை

மாற்றி அனுப்பும் மனுவை 2024 மார்ச்சில் தாக்கல் செய்தோம். "எவ்வாறு நிலைநிற்கத்தக்கது?" என்ற ஒரு வரிக் கேள்வியோடு அலுவலகத்திலிருந்து ரிட்டர்ன் வந்தது. கேள்வி நியாயமானதுதான். குடும்ப நல நீதிமன்றச் சட்டம், 1984இன் 18ஆம் பிரிவு, ஜீவனாம்ச உத்தரவுகளைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி நிறைவேற்றச் சொல்கிறது. நாங்களோ சிவில் டிக்ரி (தீர்ப்பாணை) போல மாற்றச் சொல்லிக் கேட்கிறோம். ரஜ்னேஷ் தீர்ப்பின் நிறைவேற்றம் பற்றிய பகுதியை இணைத்து மறுபடி தாக்கல் செய்தோம்: ஜீவனாம்ச உத்தரவை சிவில் நீதிமன்றத்தின் பண டிக்ரி போலவே, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51, 55, 58, 60 பிரிவுகளோடும் ஆணை 21ஓடும் சேர்த்து நிறைவேற்றலாம் என்று அதில் இருக்கிறது. திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டு, மனு கோப்புக்கு எடுக்கப்பட்டது.

போக வேண்டியவை மூன்று: உத்தரவின் சான்றிட்ட நகல், இங்கே தொகை வசூலாகவில்லை என்ற சான்றிதழ், முன்பு பிறப்பித்த நிறைவேற்று உத்தரவுகளின் நகல். சட்டப்படி இவற்றை நீதிமன்றமே மற்ற நீதிமன்றத்துக்கு நேரடியாக அனுப்பலாம்; இரண்டும் ஒரே மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று இல்லை, உயர் நீதிமன்றம் வழியாகப் போகவும் வேண்டாம். தவறான நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அதுவே அதிகாரமுள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடும். நாள்தான் போகும்.

நாங்கள் நாளைப் பற்றிக் கவலைப்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. உத்தரவு வந்து இரண்டு வருடம் கழித்து நிறைவேற்று மனு போட்டால், ஆணை 21, விதி 22இன்படி முதலில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் அவர் ஏஜென்சி மாறிவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அந்த இரண்டு வருடம் 2024 செப்டம்பரில் முடிகிறது.

மூல உத்தரவு தமிழில் இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பை முன்கூட்டியே சான்றுபடுத்தி சேர்த்து அனுப்பினோம். புனேயில் வக்கீல் வைக்கப் பணமில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவு சொல்கிறது. இங்குள்ள மாவட்ட ஆணைக்குழு மூலம் புனே மாவட்ட ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் போனது. அங்கே ஒரு பேனல் வக்கீல் நியமிக்கப்பட்டார். அவர் கேட்ட முதல் காகிதமே வைப்பு நிதி அலுவலகத்தின் பதில் கடிதம்தான்.

ஆகஸ்டில் அங்கே நிறைவேற்று மனு தாக்கலானது. அப்போது நிலுவை சரியாக 4,00,000.

## சம்பளப் பிடித்தம்

ஏஜென்சி கொடுத்த கணக்கில் மாத ஊதியம் 27,000. ஜீவனாம்ச டிக்ரியில் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தொட முடியாது, மீதி இரண்டு பங்கைப் பிடிக்கலாம். அதாவது 18,000 வரை. சாதாரணக் கடன் டிக்ரி என்றால் இதைவிட மிகக் குறைவாகத்தான் பிடிக்க முடியும். அதிலும் 24 மாதத்துக்கு மேல் பிடிக்க முடியாது. ஜீவனாம்சத்துக்கு அந்தக் கெடு இல்லை.

அக்டோபரில் நீதிமன்றம் 15,000 பிடிக்க உத்தரவிட்டது: நடப்பு மாதத்துக்கு 10,000, நிலுவைக்கு 5,000. உத்தரவை மீறி ஊழியருக்கே முழுச் சம்பளத்தையும் கொடுத்தால் அந்தத் தொகைக்கு முதலாளிதான் பொறுப்பு என்று விதியிலேயே இருக்கிறது. ஏஜென்சி எந்தத் தகராறும் செய்யவில்லை. நவம்பர் சம்பளத்திலிருந்து பிடித்தம் தொடங்கியது.

பிடித்த பணம் நீதிமன்றத்தில்தான் கட்டப்பட்டது. அங்கிருந்து மனுதாரர் கைக்கு வர இன்னொரு மனு. முதல் மூன்று மாதப் பணம் அங்கேயே கிடந்து பிப்ரவரியில்தான் வந்தது. அதன்பிறகு மனுதாரரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பிவிட்டு ரசீதை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அனுமதி வாங்கினோம்.

## சமரசப் பேச்சு

பிடித்தம் தொடங்கிய பிறகு, 2025 ஜனவரியில், எதிர்மனுதாரர் தானாகவே தொடர்புகொண்டார். உறவினர் ஒருவர் மூலம் வந்த பேச்சு: 2,50,000 ஒரே தவணையில் தருகிறேன், எல்லா வழக்கையும் வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும், இனி மாதத் தொகை கிடையாது.

பெரிய தொகை. மனுதாரர் தன் வாழ்க்கையில் ஒன்றாகப் பார்த்திராத பணம். நான் வேண்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பெண்ணுக்கு அப்போது 10 வயது, 18 ஆக 8 வருடம்: 4,80,000. பையனுக்கு 7, இன்னும் 11 வருடம்: 6,60,000. பழைய நிலுவை நான்கு லட்சத்துக்கு மேல். மொத்தம் பதினைந்து லட்சத்தைத் தாண்டுகிறது. பிள்ளைகளுக்கு உரிய தொகையைத் தாய் விட்டுக்கொடுப்பதை நீதிமன்றம் எளிதில் ஏற்காது என்பதையும் சொன்னேன்.

அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "மொத்தமா வாங்குனா ஒரு வருசத்துல கரைஞ்சு போயிருமுங்க மேடம். மாசமாசம் வந்தாத்தான் ஃபீஸ் கட்ட முடியும்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

## அதன்பிறகு

எட்டு மாதம் தவறாமல் வந்தது. 2025 ஜூலையில் நின்றது. எதிர்மனுதாரர் வேலையிலிருந்து விலகிவிட்டதாக ஏஜென்சி நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது.

இந்த முறை பயப்படவில்லை. அதே யு.ஏ.என். எண்ணை வைத்து மறுபடி கேட்டோம். புதிய ஏஜென்சியும் அதே நீதிமன்ற எல்லைக்குள்தான் இருந்தது. ஆகவே உத்தரவை மாற்றி அனுப்பும் வேலை இல்லை. நிலுவையில் இருந்த அதே நிறைவேற்று மனுவில் புதிய முதலாளிக்குப் பிடித்தம் செய்யச் சொல்லி ஒரு உத்தரவு மட்டும். அக்டோபர் சம்பளத்திலிருந்து மறுபடி 15,000 வரத் தொடங்கியது. குஜராத்துக்கோ கர்நாடகாவுக்கோ போயிருந்தால் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பிடித்தம் தொடங்கும் முன் நிலுவை 4,20,000. எட்டு மாதத்தில் 40,000 குறைந்து 3,80,000 ஆனது. நின்றுபோன மூன்று மாதத்தில் மறுபடி 4,10,000 ஆகிவிட்டது. நிலுவை என்ற அளவில் பார்த்தால் கிட்டத்தட்ட ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறோம். ஆனால் நடப்பு மாதத் தொகை வருகிறது, பள்ளிக் கட்டணம் பாக்கி இல்லாமல் கட்டப்படுகிறது. மனுதாரர் இதை வெற்றி என்றுதான் சொல்கிறார். எனக்கு அதில் பாதி சம்மதம்.

## இனி மாற்றிச் செய்பவை

மூல வழக்கிலேயே, சொத்து வருமானப் பிரமாணப் பத்திரம் வரும்போதே, யு.ஏ.என்., பான், சம்பளக் கணக்கு எண் மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் கேட்டு வாங்கிவிடுகிறோம். எதிர்மனுதாரர் நீதிமன்றத்துக்கு வந்துகொண்டிருக்கும் வரைதான் இவை சுலபமாகக் கிடைக்கும்.

தனியார் ஊழியர் என்றால் ஓசூரில் இருக்கும்போதே சம்பளப் பிடித்தம் கேட்டுவிட வேண்டும். ஓசூரும் வேறு மாவட்டம், மாற்றி அனுப்பத்தான் வேண்டும், ஆனால் மொழிபெயர்ப்பும் வெளிமாநில வக்கீலும் தேவைப்படாது. நான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினார் என்பதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வாரண்டையும் சம்பளப் பிடித்தத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்துகிறோம். சிவில் வழியில் போகும்போதும், வருடம் முடிவதற்குள் அந்த வருட நிலுவைக்கு 125(3)இன் கீழ், இப்போது சன்ஹிதாவின் 144(3)இன் கீழ், ஒரு மனு உள்ளூரில் போட்டு வைத்துவிடுகிறோம். பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில், ஒரு வருடக் கெடு தாண்டினால் போவது வாரண்ட் வழிதானே தவிர நிலுவை பெறும் உரிமை அல்ல என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரி, இருந்தாலும் கையில் இருக்கும் ஒரு வழியை ஏன் விட வேண்டும்?

இந்த வழக்கில் இன்னும் ஒரு மனு பாக்கி இருக்கிறது. பிள்ளைக்கு 5,000 என்பது 2022இன் கணக்கு. பெண் அடுத்து ஆறாம் வகுப்பு போகிறாள், கட்டணம் ஏறும். தொகையைக் கூட்டிக் கேட்க சன்ஹிதாவின் 146ஆம் பிரிவில் இடம் உண்டு. புதிய ஏஜென்சியின் சம்பளச் சீட்டு நீதிமன்றத்துக்கு வந்ததும் அதைத் தாக்கல் செய்வதாக இருக்கிறோம்.